உயிரோடு வந்தவனின் கல்

கெங்கவல்லிக்கு மேற்கே, ஆற்றிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஒரு கரடு வரும். மலை என்றும் சொல்ல முடியாத, மேடு என்றும் சொல்ல முடியாத வெறும் பாறை. அதன் தலையில் சமமாக இருக்கும் இடத்தில் கணுக்கால் உயரக் கற்களை வட்டத்துக்குள் வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் அதற்கு ஏழு சுத்துக் கோட்டை என்று பெயர். யார் நட்டது என்று கேட்டால், "எங்களுக்கு முந்தி இருந்தவங்க" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

கோட்டைக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே போனால் ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் ஒரே பாதை. எங்கும் பிரியாது. அதனால் வழி தவற முடியாது. ஆனாலும் நடப்பவருக்கு வழி தவறிவிட்டது போலவே இருக்கும். நடுவுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பாதை வளைந்து வெளி ஓரத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். வெளியே நிற்பவரின் காலைத் தொடலாம் போல இருக்கும். பிறகு மறுபடி உள்ளே இழுக்கும். கடைசியில் நடு வரும். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பாறைதான். வந்த வழியே திரும்பி வர வேண்டும். கல்லைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் டவுனில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில். கன்னியாஸ்திரீகளிடம் படித்தேன். கணவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருக்கு அந்தப் பக்கம் வேலை மாறியபோது ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குடியேறினோம். நான் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன். கோட்டையை எனக்கு முதலில் காட்டியவர்கள் என் மாணவிகள்தான். மாடு தொலைந்தால் அதில் நடப்பார்கள், பிள்ளை வேண்டும் என்று நடப்பார்கள். வேதக்காரர்களான எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி மாதம், சந்தை நாள். எங்கள் ஊரில் அன்று ஒரு சொட்டு மழை இல்லை. ஆறு மணலாகக் கிடந்தது. சந்தை அக்கரையில். எல்லோரும் மணலில் இறங்கிக் குறுக்கே நடந்து போவதுதான் வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக் கெடா ஒன்றை விற்கப் புறப்பட்டாள். அவளுடைய மகனும் கூடப் போனான், வாலிபன், கல்யாணம் ஆனவன். என் மகன் பம்பரம் வாங்க வேண்டும் என்று குதித்தான். அவனுக்குப் பத்து வயது, அவன் தங்கைக்கு ஏழு. அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கூட வரான், நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்றாள். போனேன்.

முற்பகலில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. பாறை உடைக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது ஆறு இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. பழுப்பாக, மரங்களோடு, கூரைகளோடு போய்க்கொண்டிருந்தது. கொல்லிமலையில் இரவெல்லாம் கொட்டிய மழை, எங்களுக்குச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டது. மணலில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஓட நேரம் இருக்கவில்லை.

அக்கா வீரகனூர்ப் பக்கம் பிணமாகக் கரையொதுங்கினாள். இன்னும் பலர் ஒதுங்கினார்கள். அவளுடைய மகன் கிடைக்கவில்லை. என் மகனும் கிடைக்கவில்லை. என் கணவர் ஆற்றின் இரு கரையிலும் நடந்தார். சேறு காய்ந்து வெடிக்கும்வரை நடந்தார். ஒரு நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

மறு வருஷம் ஐப்பசி பிறந்து முதல் சந்தை நாளில் ஊரார் சந்தைக்குப் போகாமல் கரட்டுக்குப் போனார்கள். கோட்டையின் வெளிச் சுற்றில் ஒரு பக்கத்துக் கற்களை மாடுகள் இடறிக் கலைத்திருந்தன. அந்த இடத்தில், ஆறு கொண்டுபோனவர்களுக்கு ஆளுக்கு ஒரு கல் நட்டார்கள். ஆற்றில் கிடந்து வழவழப்பான கருங்கற்கள். பழைய கற்களுக்கு நடுவில் அவை தனியாகத் தெரியும். அது முதல் வருஷா வருஷம் அந்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் மடியில் ஒரு பிடி ஆற்று மணல் எடுத்துக்கொண்டு நடக்கும். தங்கள் கல்லுக்கு வந்ததும் நின்று மணலைப் போட்டு, போனவரின் பெயரை உரக்கச் சொல்லும். வெளியே நிற்கும் ஊர் முழுவதும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லும். சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு நடுவரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. கோட்டைக்கு விளக்கு வைக்கும் பூசாரி சொன்னார் என்றார்கள். அவர் ஊர்தான் சொன்னது என்றார்.

பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு கல் நட்டாள். மாமியாருக்கு ஒன்று, அதை ஒட்டிப் புருஷனுக்கு ஒன்று. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. தாலியைக் கழற்றியிருந்தார்கள்.

நான் கல் நடவில்லை. வேதக்காரி என்பதால் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். அது மட்டும் இல்லை. நவம்பர் மாதத்தில் எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். ஆத்தூரிலிருந்து சுவாமியார் வரும்போது அவரிடம் பெயர்களைக் கொடுக்க வேண்டும். அங்கேயும் நான் அவன் பெயரைக் கொடுக்கவில்லை. உடல் கிடைக்காத பிள்ளையை எப்படி அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? யாராவது கரையில் தூக்கியிருக்கலாம். எங்கோ ஓர் ஊரில் பேச்சு வராமல், ஊர்ப் பெயர் மறந்து இருக்கலாம். ஆஸ்பத்திரியில் அப்படி ஆட்களை என் கணவரே பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் பழைய ஆளாக இல்லை. கொல்லிமலைப் பக்கம் கறுத்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பேன், அவள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "அம்மா, வாயில சோப்புத் தண்ணி போவுது" என்று ஒரு நாள் அழுதாள்.

மூன்றாம் வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருந்தாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. என் கணவர் எனக்குத் தெரியாமல் சேலத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். உத்தரவு வந்த பிறகுதான் சொன்னார்.

"கிறிஸ்துமஸ் கழிஞ்சு சிஸ்டர்மார் இவளைச் சேத்துக்கறேன்னுட்டாங்க. உனக்கும் அங்கேயே வேலை தரேங்கறாங்க."

"அவன் இங்கே வந்து பார்த்தா? வீட்டுல வேறே யாரோ இருந்தா?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இவ இருக்காளே" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. இவள் இருக்கிறாள் என்றால் அவன் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நீங்களும் இவளும் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

அந்தப் புரட்டாசியில்தான் பக்கத்து வீட்டுக்காரன், அந்த அக்காவின் மகன், திரும்பி வந்தான்.

நடுப்பகலில், தலையில் ஒரு தகரப் பெட்டியோடு தெருவில் நடந்து வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தான். முதலில் பார்த்த கிழவர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு கூட்டம் கூடிவிட்டது. அவனுடைய பங்காளி முறை ஒருவன் அவன் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "டேய், உனக்கு நான் மொட்டை போட்டேன்டா. முடியக் குடுத்துட்டு அப்புறம் ஊட்டுக்குள்ள போ" என்றான்.

"கருமாதிச் சோறு தின்னவங்கல்லாம் இப்பக் கக்கணுமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நீ மூணு தடவ வாங்கித் தின்ன, உனக்குத்தான் கஷ்டம்."

சிரிப்பாகக் கிடந்தது. அவன் மனைவி களை எடுக்கப் போயிருந்தாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள் அழவில்லை, விழவில்லை. இடுப்பிலிருந்த கூடையால் அவன் தோளிலும் முதுகிலும் அடித்தாள். "பொட்டில்லாமத் திரிஞ்சேனே பாவி! பொட்டில்லாமத் திரிஞ்சேனே!" கூடை பிய்ந்துபோகும்வரை அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "அம்மா எங்க? ஆடு ஓட்டிட்டுப் போயிருக்குதா?" என்று கேட்டான்.

எல்லோருடைய சிரிப்பும் நின்றது. அவனுக்கு வெள்ளமே தெரியாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அன்று சாயங்காலமே போய்விட்டேன். அது மரியாதை இல்லை என்று தெரியும். தாய் இறந்த செய்தியைக் கேட்டு அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் கணவர் என்னைத் தடுக்கப் பின்னாலேயே வந்து, தடுக்காமல் வாசலில் நின்றுவிட்டார்.

"நீங்க எல்லாரும் ஒண்ணாத்தானே ஆத்துல இறங்குனீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்க வாத்தியாரம்மா. நானு, அம்மா, உங்க ஊட்டுத் தம்பி, கெடா."

"அப்புறம்?"

"கெடா நான் வளத்தது. விக்கக் கூடாதுன்னேன். அம்மா விப்பேன்னுச்சு. பேச்சு முத்திப்போச்சு. கவுத்தைக் கீழ போட்டுட்டு நான் பாட்டுக்கு நடந்துட்டேன். தம்பிதான் கவுத்தை எடுத்துப் புடிச்சுது."

"எந்த இடத்துல?"

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நட்ட நடு மணல்லங்க."

அக்கரை ஏறி ரோட்டுக்குப் போனதும், கண்டிச் சீமைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவன் வண்டியோடு நின்றிருந்தான். கோபத்தில் ஏறிவிட்டேன் என்றான். பின்னால் சத்தம் கேட்டதாம். புதிதாகப் போட்ட பாதையில் ரயில் போகிறது என்று நினைத்தானாம். அன்றைக்கே கங்காணி ரயில் ஏற்றிவிட்டான். தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு, வேலைக்கு ஆகாது என்று அனுப்பும்வரை ஊர்ச் செய்தி ஒன்றும் அவனுக்குப் போகவில்லை.

"அவனுக்கு உன் மேல பிரியம். நீ போறதைப் பார்த்து உன் பின்னாலேயே ஓடி வந்திருப்பான், இல்லையா?"

"வரலைங்க."

"திரும்பிப் பார்த்தியா?"

அவன் மனைவி உலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இல்லைங்க. கோவத்துல போறவன் எங்கங்க திரும்பிப் பாக்கறான்" என்றான்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நான் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தான் என்று ஊரே கல் நட்டவன் பெட்டியோடு வந்து நிற்கிறான், என் பிள்ளை ஏன் வரக் கூடாது? அன்று இரவு என் கணவர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

நல்ல நாள் பார்த்து அவன் மனைவிக்கு மறுபடி தாலி கட்டினான். அந்த வாரமே குளிர்காய்ச்சல் அவனைப் படுக்கையில் தள்ளியது. போர்வைக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் வைக்கோல் போட்டும் நடுங்கினான். என் கணவர் கொயினா மருந்து கொடுத்தார். ஒரு நாள் விடும், ஒரு நாள் வரும். பூசாரி வந்து பார்த்துவிட்டு, இது மருந்தில் நிற்காது என்றார். உயிரோடு இருப்பவனின் கல் செத்தவர்கள் வரிசையில் நிற்கிறது, அது இவனை இழுக்கிறது என்றார்.

அப்படியானால் கல்லைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே என்றார்கள் சிலர். அது நடக்காது. நட்ட கல்லைப் பிடுங்கினால் சுற்று உடைந்துவிடும். சுற்று உடைந்தால் அங்கே பெயர் சொல்லப்பட்ட எல்லோரும் கலைந்து போவார்கள். வேறு கல்லை அந்த இடத்தில் வைத்தால்கூட, எடுத்து வைப்பதற்குள் உடைந்தது உடைந்ததுதான். ஊரில் நான்கு பேர் கூடி நாளெல்லாம் பேசிய பிறகு ஒரு வழி கண்டார்கள். கல் அங்கேயே நிற்கட்டும். கல் இல்லாத ஒருவரின் பெயரை அதற்குச் சொல்லிவிட்டால் போதும். ஆறு கொண்டுபோனவர்களில் கல் இல்லாதவர் ஒருவர்தான் இருந்தார்.

அதை என்னிடம் கேட்க அவன் மனைவியையே அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வகுப்பில் நான் மட்டும் இருந்தேன். வாசலில் நின்று, நிலையைச் சுரண்டிக்கொண்டு, எப்படியோ சொல்லி முடித்தாள்.

"என் பிள்ளை செத்துட்டான்னு என் வாயால சொல்லணும். அதானே?" என்றேன்.

"கல்லுக்குத்தாங்க சொல்றது."

"உன் வீட்டுக்காரன் பொழைக்கறதுக்கு என் பிள்ளையைக் கேக்கறியா?"

அவள் உள்ளே வந்து பிள்ளைகள் உட்காரும் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ரெண்டு வருசமாச் சொன்னேங்க. அவரு பேரை. ஊரே திருப்பிச் சொல்லுச்சு. அதனால அவரு செத்தா போனாரு? அங்க தேயில பறிச்சிட்டுத்தானே இருந்தாரு."

"அப்போ இப்ப எதுக்குப் பயப்படறே?"

"பயமா இருக்குதே, அதுக்கு என்ன பண்ணட்டும்?" என்றாள் எரிச்சலோடு. "உங்களுக்குப் பயமில்லையா? மேகத்தைப் பார்த்தாப் பள்ளிக்கூடத்தைப் பூட்டறீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "எங்க அத்தை கல்லுக்கு ஒட்டுனாப்புலதாங்க இருக்குது. அவங்க கையிலதானே புடிச்சுக் குடுத்தீங்க."

நான் எழுந்து வெளியே போகச் சொன்னேன். போய்விட்டாள்.

என் கணவரிடம் சொன்னபோது அவர், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மருந்து வேலை செய்யும்" என்றார். காலையும் மாலையும் அவரே போய்க் கொயினாவை வாயில் ஊற்றி, விழுங்கும்வரை பக்கத்தில் இருந்தார். மருந்து வேலை செய்தது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே காய்ச்சல் விட்டது. அவன் எழுந்து கம்பஞ்சோறு தின்றான்.

அவன் மனைவி முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொண்டுவந்து எங்கள் அடுப்பங்கரையில் வைத்தாள். "அவருக்குக் கொணமாயிடுச்சுங்க. இனிமே நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பூசாரி கெடக்கறாரு. நான் வந்து கேட்டதே தப்பு" என்றாள். என் மகளின் சடையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். கேட்பார் இல்லாமல் போன பிறகுதான் அந்தப் பேச்சு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அவள் சொன்னது உண்மை. பெயரைச் சொன்னதால் அவன் சாகவில்லை. சொல்லாததால் என் பிள்ளை பிழைத்திருக்கிறான் என்று மூன்று வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நட்ட நடு மணலில் அவன் கயிற்றைக் குனிந்து எடுப்பதை நினைத்தேன். அதுவரை அதை நினைக்காமலே வைத்திருந்தேன். கெடா பெரியது. அவன் இரண்டு கையாலும் பிடித்திருப்பான். விடு என்று யாரும் சொல்லாமல் அவன் விட்டிருக்க மாட்டான்.

ஐப்பசியின் முதல் சந்தை நாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு, ஆற்றுக்குப் போய் ஒரு பிடி மணலை மடியில் கட்டினேன். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கரட்டில் ஊர் முழுவதும் நின்றது. எங்களைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. பூசாரி வாசலிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார். கணவர் வெளியிலேயே நின்றுகொண்டார். நானும் மகளும் உள்ளே போனோம். எனக்கு முன்னால் பலர் நடந்துகொண்டிருந்தார்கள், சிலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பாதை ஓர் ஆளுக்குத்தான். எதிரே வருபவரை விலக வேண்டும் என்றால் இருவரும் ஒருக்களித்து, கல் மேல் கால் படாமல், மார்பும் முதுகும் உரச நிற்க வேண்டும். திரும்பி வருபவரோடு பேசக் கூடாது என்பது வழக்கம். ஒரு வளைவில் அவன் மனைவி எதிரே வந்தாள். மாமியாருக்கு மணல் போட்டுவிட்டு வருகிறாள். நான் ஒருக்களித்தேன். அவளும் ஒருக்களித்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. என் மடியில் மணல் கட்டியிருப்பதைப் பார்த்தாள். பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, அழுத்திவிட்டு விட்டாள்.

கருங்கற்கள் வந்தன. அக்காவின் கல் மேல் ஈர மணல் இருந்தது. பக்கத்துக் கல் வெறுமையாக இருந்தது. நான் முடிச்சை அவிழ்த்து மணலைப் போட்டேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று அப்போதுதான் குழம்பினேன். ஞானஸ்நானப் பெயரா, வீட்டில் கூப்பிடும் பெயரா? மூன்று வருஷமாக வீட்டில் நாங்கள் 'அவன்' என்றுதான் சொன்னோம். மகள் 'அண்ணன்' என்பாள், அதையும் மெதுவாகத்தான் சொல்வாள். பின்னால் நிற்பவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் வீட்டில் கூப்பிடும் பெயர்தான் வந்தது. உரக்கச் சொல்ல நினைத்தேன். யாருக்கும் கேட்டிருக்காது என்று தோன்றியது.

கேட்டிருக்கிறது. ஊர் அதைத் திருப்பிச் சொன்னது. செத்தவர்களின் பெயரை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று நான் முன்பு கேட்டதில்லை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவேன். ஒப்பாரி போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சாப்பாட்டு வேளையில், விளையாடப் போன பையனைத் தெருவில் நின்று கூப்பிடுவது போலவே இருந்தது. என் மாணவிகள் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எல்லோருக்கும் மேலே, உடைந்த குரலில், இரண்டாம் முறையும் தனியாகக் கூப்பிட்டான். இரண்டாம் முறை சொல்வது வழக்கம் இல்லை. யாரும் அவனைக் கண்டிக்கவில்லை.

பிறகு சத்தம் அடங்கியது. நான் நின்றேன். வழக்கப்படி நிற்க வேண்டிய நேரத்தை விட அதிகமாகவே நின்றிருப்பேன். காற்று மட்டும் பாறையில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, பின்னால நிக்கறாங்க."

அங்கிருந்து திரும்பிவிட முடியாது, நடுவரைக்கும் போக வேண்டும். அழுகை வந்துவிட்டதால் பாதை எனக்குத் தெரியவில்லை. மகள் முன்னால் வந்து, என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். உள்ளே போனோம், ஓரத்துக்கு வந்தோம். ஓரத்தில் என் கணவர் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். தொடும் தூரம்தான். பாதை மறுபடி உள்ளே திரும்பியது.

அந்த நவம்பரில் சுவாமியார் வந்தபோது அவன் பெயரைக் கொடுத்தேன். கோட்டையைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழியில் சேலத்துக்குப் புறப்பட ஒப்புக்கொண்டேன்.

நான் தேறிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதை எழுதும் இன்றும், மகள் பள்ளியிலிருந்து வர நேரமானால் தெருக்கோடிக்குப் போய் நின்றுவிடுகிறேன். அவளுக்கு என் மேல் கோபம் வருகிறது. சேலத்தில் ஓடும் ஆற்றில் சாக்கடைதான் ஓடுகிறது, அதைக்கூட அவள் தனியாகத் தாண்ட விடுவதில்லை. ஆனால் அவள் படிக்கிறாள். அதற்காகத்தான் வந்தோம்.

புறப்பட்ட அன்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிவிட்டு வாசலில் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் பெட்டியைக் கட்டினான். அவன் மனைவி என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "சேலத்துல எந்தத் தெருவுங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"வந்தான்னா யாரு சொல்லுவாங்க? நான் இங்கதானே இருப்பேன். ஒரு வாய் சோறு போட்டு, இவரு கூட அனுப்பி வெக்கறேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் ஆறுதலுக்காக அவள் அதைச் சொல்லவில்லை. வீட்டு வேலைகளில் ஒன்றைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டாள்.

"எழுதித் தரட்டுமா?"

"எனக்கு எங்கங்க படிக்கத் தெரியும்? வாயில சொல்லுங்க."

சொன்னேன். மாதா கோயிலுக்குப் பின்பக்கம், கிணற்றுச் சந்து தாண்டி, இடது கைப் பக்கம் ஓட்டு வீடு, கம்பவுண்டர் வீடு என்றால் காட்டுவார்கள். அவள் விரலை மடக்கிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நடந்துகொண்டு மறுபடி சொன்னாள்.

"மாதா கோயிலு பின்னால, கெணத்துச் சந்து, சோத்துக் கை பக்கம் ஓட்டு ஊடு…"

"சோத்துக் கை இல்லை," என்று வண்டியிலிருந்து குனிந்து சொன்னேன். "இடது கை."

"இடது கை பக்கம்," என்றாள். "இடது கை பக்கம் ஓட்டு ஊடு."